பாந்துராக் கொடிக்கு ஒரு பெயர், பல முகவரிகள்

உயர்தர உயிரியல் வகுப்பில் வகைப்பாடு என்ற அலகு வந்தால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வரும். இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று மேலிருந்து கீழே ஒப்புவித்துவிட்டு அடுத்த அலகுக்குப் போய்விடுவோம். புதிதாக ஒரு செடி கிடைத்தால் அதற்கு யார், எதைப் பார்த்துப் பெயர் வைக்கிறார்கள்? வைத்த பெயர் நூற்றாண்டுகளாக அசையாமல் நிற்க, குடும்பமும் வருணமும் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன? வினாத்தாளில் இது வராது. ஆனால் வகைப்பாட்டியலின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இதை விளங்கிக்கொள்ளக் கொழும்பில் இருப்பவர்கள் தூரம் போகத் தேவையில்லை. பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும் இலங்கையின் ஒரே குடுவைத் தாவரம், சிங்களத்தில் பாந்துரா எனப்படும் நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா, இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. இலங்கைக்கு மட்டுமே உரிய பூக்குந் தாவரம் இது. 18ஆம் நூற்றாண்டின் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸின் இருசொற் பெயரீட்டு முறையில் முதன்முதலாகப் பெயர் பெற்ற குடுவைத் தாவரமும் இதுதான். அதனால் நெப்பந்தஸ் என்ற சாதி முழுவதற்கும் இதுவே வகையினம், அதாவது சாதிப் பெயர் கட்டுண்டிருக்கும் இனம். போர்னியோவிலும் பிலிப்பைன்ஸிலும் இன்று கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு புதிய குடுவைத் தாவரமும், நமது ஈரவலயச் சதுப்பில் வளரும் இந்தக் கொடிக்கு உறவு என்ற உரிமையில்தான் நெப்பந்தஸ் என்று அழைக்கப்படுகிறது.

என் வாதம் ஒன்றுதான். ஒரு செடியை விவரிப்பது ஒரு வேலை, அதை வகைப்படுத்துவது வேறொரு வேலை. முதலாவது, காய்ந்த செடி ஒட்டிய ஒரு தாளில் ஆணியடித்ததுபோல் நிற்கிறது. இரண்டாவது எப்போதும் ஒரு கருதுகோள்.

செடி

தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலங்களில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீற்றர் உயரம் வரை இக்கொடி வளர்கிறது. சிங்கராஜவைச் சுற்றிய பகுதிகளில் வீதியோரப் புதர்களிலேயே காணலாம். நீர் தேங்கும், ஊட்டம் குறைந்த, வெயில் படும் மண்தான் இதற்குப் பிடித்தது. இலையின் நடுநரம்பு நுனியைத் தாண்டி நீண்டு ஒரு பற்றுக்கம்பியாகி, அதன் முனை மூடியோடு கூடிய குடுவையாகிறது. பூவென்றும் காயென்றும் பலர் நினைக்கும் அந்தக் குடுவை உண்மையில் இலையின் பகுதி. செடியின் அடியில் வரும் குடுவைக்கும் ஏறுகொடியில் வரும் குடுவைக்கும் வடிவம் வேறு. நிறமும் ஒரே மாதிரியில்லை. பச்சை மஞ்சளாகவும் இருக்கும், நல்ல சிவப்பாகவும் இருக்கும்.

உண்மையான பூ மிகச் சிறியது. அல்லிகள் இல்லை, நான்கு பூவுறைத் துண்டுகள் மட்டும். ஆண் பூ ஒரு செடியில், பெண் பூ இன்னொரு செடியில். ஆண் பூவில் மகரந்தம் தரும் உறுப்புகளான கேசரங்களின் இழைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நடுவில் ஒரு தூணாகி, அதன் தலையில் மகரந்தக்கூடுகள் குவிந்திருக்கும். இந்தத் தூணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் குழப்பத்துக்கெல்லாம் காரணம் இதுதான்.

முதலில் கண்டவர் யார்

இந்தப் பகுதியைப் படிப்பிக்கும்போது ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், அப்ப ஊர்ச்சனம் இதைக் காணவேயில்லையா? கொடியை வெட்டிக் கட்டுறதுக்குப் பாவிச்சவைதானே?" சரியான கேள்வி. பாந்துராக் கொடியின் தண்டு கயிறுபோலக் கட்டுவதற்குப் பயன்பட்டது. செடிக்குப் பெயரும் இருந்தது, பயனும் இருந்தது. வகைப்பாட்டியலில் 'கண்டுபிடிப்பு' என்று சொல்வது ஒரு குறுகிய பொருளில்: உலகில் எங்கிருந்தும் சரிபார்க்கக்கூடிய விதத்தில் ஒரு செடியை எழுத்திலும் மாதிரியிலும் பதிவது. அந்தக் குறுகிய பொருளை மறந்தால் வரலாறு கோணலாகிவிடும்.

எழுத்தில் வந்த முதல் குடுவைத் தாவரம் நமது செடி அல்ல. மடகஸ்காரின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த ஃபிளாக்கூர் 1658இல், மூடியுள்ள சாடிபோன்ற ஒரு பூ அல்லது காய் என்று அங்குள்ள குடுவைத் தாவரத்தை எழுதினார். இரண்டாவது நம்முடையது. 1677இல் டென்மார்க் மருத்துவர் தோமஸ் பார்த்தோலின் இதைச் சுருக்கமாகக் குறிப்பிட்டார். 1680இல் வணிகர் ஜேக்கப் பிரெய்னே 'பண்டுரா சிங்கலென்சியம்' என்று எழுதினார். உள்ளூர்ப் பெயரை அப்படியே லத்தீன் உடை உடுத்தி எடுத்துக்கொண்டது தெரிகிறது. 1683இல் சுவீடன் மருத்துவர் கிரிம் 'வடிநீர் தரும் அதிசயச் செடி' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு, குடுவைத் தாவரம் ஒன்றின் தெளிவான படத்தை முதன்முதலில் அச்சிட்டார்.

கிரிமின் விவரிப்பு இன்று படித்தாலும் செடியை அடையாளம் காட்டும். ஆனால் குடுவை எதற்கு என்று அவர் தந்த விளக்கம் முழுக்கத் தவறு. வேர் மண்ணிலிருந்து உறிஞ்சிய ஈரம் சூரிய வெப்பத்தால் மேலேறி, இலை நரம்பு வழியே குடுவைக்குள் இறங்கி, மனிதர் தேவைக்காகச் சேமிக்கப்படுகிறது என்பது அவர் எண்ணம். தாகத்தோடு காட்டில் நடந்த ஐரோப்பியரின் மனக்கணக்கு அது. அந்த நீரில் பூச்சிகள் செரிமானமாகின்றன என்பதை நேரே பரிசோதித்துக் காட்ட 1874 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு பெல்பாஸ்டில் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் குடுவைகளுக்கு முட்டை வெண்கருவும் இறைச்சியும் இட்டுச் செய்த சோதனைகளை அறிவித்தார். பார்த்ததை எழுதியது நிலைத்தது, ஊகித்து எழுதியது கழிந்தது.

கொழும்பில் காய்ந்த தாள்கள்

1656இல் டச்சுக்காரர் கொழும்பைக் கைப்பற்றினார்கள். அவர்களுக்கு முதல் ஆர்வம் கறுவா. மருந்துச் செடிகள் இரண்டாவது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக வந்த பவுல் ஹெர்மன், 1672 முதல் 1677 வரை இங்கே செடிகளைச் சேகரித்தார். பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார். தான் சேகரித்ததை முழுதாக அச்சில் காணாமலே 1695இல் இறந்தார்.

அவர் காயவைத்து ஒட்டிய தாள்களின் தொகுதி கைமாறிக் கைமாறிக் காணாமற் போனதாகக் கருதப்பட்டது. 1744இல் அது கோப்பன்ஹேகனில் அரச மருந்தாளர் ஆகஸ்ட் குந்தரிடம் இருப்பது தெரியவந்தது. அவர் லின்னேயஸுக்கு இரவல் கொடுத்தார். லின்னேயஸ் இலங்கைக்கு ஒருபோதும் வந்தவரில்லை. ஆனாலும் இந்தத் தாள்களை மேசையில் விரித்துவைத்து, 1747இல் இலங்கைத் தாவரங்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1753இல் உலகத் தாவரங்களையெல்லாம் இரண்டு சொற்களில் பெயரிட்ட பெருநூலில் அந்த இலங்கை நூலைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டினார். தொகுதி பிறகு ஆங்கில இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் கையில் 75 பவுணுக்குப் போய், இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாள்களின் படங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து கைபேசியில் பார்க்கலாம். என் மாணவர்கள் பார்த்தார்கள்.

இதன் விளைவு பலருக்குத் தெரியாது. தென்னாசியா முழுவதும் பரவியிருக்கும் பல சாதாரணச் செடிகளுக்கு, 'இந்தப் பெயர் இந்தச் செடியைத்தான் குறிக்கும்' என்று காட்டும் வகைமாதிரி, டச்சுக்காலத்து இலங்கையில் ஒட்டப்பட்ட ஒரு தாள். கொழும்பைச் சுற்றி 'புதிய' செடி ஒன்று கிடைத்தது என்று யாராவது சொன்னால், முதலில் அவர் கணக்குத் தீர்க்க வேண்டியது ஹெர்மனோடுதான்.

லின்னேயஸ் கொடுத்த இடம்

நெப்பந்தஸ் என்ற சாதிப் பெயரை லின்னேயஸ் 1737இலேயே உருவாக்கிவிட்டார். 1753இல் அந்தச் சாதியின் கீழ் ஒரே ஒரு இனம், டிஸ்டிலட்டோரியா. தாவரப் பெயர்களுக்கு 1753 மே 1 தொடக்க நாள் என்று பிற்கால விதிகள் வகுத்துவிட்டன. ஆகவே 'பண்டுரா' என்ற பழைய பெயருக்கு எவ்வளவு வயதானாலும் முன்னுரிமை இல்லை. 1763இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன் அதைச் சாதிப் பெயராகத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார். பத்து ஆண்டு பிந்திவிட்டது. கிரேக்கக் காவியத்தில் ஹெலன் மதுவில் கலந்த துயர்நீக்கி மருந்தின் பெயர் நிலைத்தது, ஈரவலயத்து மக்களின் பெயர் இணைப்பெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே செடிக்குரிய ஏற்கப்படாத பெயர்களோடு, போய்ச் சேர்ந்தது. விதி விதிதான். எனக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, இனி வகைப்பாடு. லின்னேயஸின் முறை எளிது: பூவின் கேசரங்களை எண்ணு, அவை எங்கே எப்படி அமைந்திருக்கின்றன என்று பார், 24 வகுப்புகளில் ஒன்றில் போடு. இருபதாவது வகுப்பு, கேசரங்கள் பெண் உறுப்பான சூலகத்தோடு ஒட்டியிருக்கும் பூக்கள். இருபத்திரண்டாவது, ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடியில் இருப்பவை.

பாந்துரா எங்கே போகவேண்டும்? ஆண் செடி வேறு, பெண் செடி வேறு என்பதால் இருபத்திரண்டில். லின்னேயஸ் போட்டது இருபதில், நான்கு கேசரப் பிரிவில். ஓர்க்கிட்டுகள் இருக்கும் வகுப்பு அது. அவருடைய நூலின் 955ஆம் பக்கத்தில் நெப்பந்தஸ் முடிய, அதே பக்கத்தில் நாம் பாஷன் புரூட் சாறு குடிக்கும் கொடியின் சாதி தொடங்குகிறது. இரண்டுக்கும் நெருங்கிய உறவு எதுவும் கிடையாது.

எப்படி நேர்ந்தது? ஆண் பூவின் நடுவில் நிற்கும் அந்தத் தூணைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும் பூவை வெட்டிப் பார்த்தால் அது கேசர இழைகளின் கூட்டு என்று தெரியும். முக்கால் நூற்றாண்டளவு காய்ந்து தட்டையான பூவில், நடுவில் ஒரு தண்டு, தலையில் மகரந்தக்கூடுகள், சுற்றிலும் நான்கு துண்டுகள். தண்டைச் சூலகம் என்று எடுத்துக்கொண்டால், கேசரம் சூலகத்தில் ஒட்டியிருக்கிறது என்றுதான் எழுதத் தோன்றும். பெண் செடி தனியே உண்டு என்று காட்ட ஒரு தாளோ ஒரு குறிப்போ முன்னால் இல்லாவிட்டால், ஈரில்லம், அதாவது ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடி, என்ற எண்ணமே வராது. லின்னேயஸ் கவனக்குறைவானவர் என்று நான் இதைப் படிப்பிப்பதில்லை. மாதிரி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் வகைப்பாடு சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இடம் தவறியும் பெயர் கெடவில்லை. இந்த நிகழ்வின் மையம் இதுதான். பிறகு வந்தவர்கள் செடியை இருபத்திரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அந்த 24 வகுப்பு முறையே பின்னர் கைவிடப்பட்டது. 1829இல் பெல்ஜியத் தாவரவியலாளர் டுமோர்ட்டியே இதற்கெனத் தனிக் குடும்பம் அமைத்தார். நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியா அப்படியே இருந்தது.

ஒரே பெயரில் பல செடிகள்

பெயர் நிலைத்தது என்றால் எல்லோரும் அதைச் சரியாகப் பயன்படுத்தினார்கள் என்று பொருளல்ல. சாதியில் ஒரே ஒரு இனம் இருந்த காலத்தில், எங்கே குடுவை தொங்கினாலும் 'இது டிஸ்டிலட்டோரியா' என்று எழுதிவிடுவது இலகு. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் இந்தப் பெயர்ச்சீட்டோடு வேறு இனங்களும் வளர்ந்தன. மேகாலயாவின் காசி மலைச் செடியும் அவற்றில் ஒன்று. அதற்கு நெப்பந்தஸ் காசியானா என்ற தனிப்பெயர் 1873இல்தான் வந்தது. மடகஸ்கார்ச் செடிக்கு 1797இல். தென்கிழக்காசியாவில் பரவலாக உள்ள ஓர் இனத்தை 1790இல் போர்த்துக்கேயத் தாவரவியலாளர் லூரேய்ரோ விவரித்தபோது, அது நெப்பந்தஸ் என்றே அவருக்குப் படவில்லை. வேறொரு புதுச் சாதியாகப் பதிந்தார். அது நெப்பந்தஸ் மிராபிலிஸ் ஆனது 1916இல்.

இந்தச் சிக்கலைப் பிரித்தது புத்தகத்தில் இருந்த வருணனை அல்ல. 1753இல் லின்னேயஸ் எழுதியது ஒரு சில வரிகள்; அவை எந்தக் குடுவைச் செடிக்கும் பொருந்தும். பிரித்தது, 'பெயர் இலங்கைச் செடிக்கு உரியது' என்று காட்டிய பழைய மேற்கோள்களும் தாள்களும். ஆகவேதான் வகைமாதிரி என்ற ஏற்பாடு. வருணனை குறைப்பட்டதாக இருக்கலாம், பிழையாகக்கூட இருக்கலாம். மாதிரி இருக்கும்வரை திரும்பப் போய்ப் பார்க்கலாம்.

குடும்பம் மாறிய கதை

குடுவை உள்ள செடிகள் எல்லாம் நெருங்கிய உறவு என்று எண்ணுவது இயல்பு. வட அமெரிக்காவின் சரசீனியாவும் நமது நெப்பந்தஸும் பனித்துளிச் செடியான துரோசெராவும் நெடுங்காலம் ஒரே வருணத்தில் வைக்கப்பட்டன. 1981இல் அமெரிக்கத் தாவரவியலாளர் குரொன்குவிஸ்ட் வெளியிட்ட பெரும் வகைப்பாட்டிலும் அப்படித்தான். பூச்சி தின்பது அவ்வளவு விசித்திரமான பழக்கம், இரண்டு தடவை தோன்றியிருக்காது என்பது உள்ளே இருந்த எண்ணம்.

1992இல் பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ட்) மரபணு ஒன்றை ஒப்பிட்ட ஆய்வு அதைக் கலைத்தது. 1998இல் பூக்குந் தாவரங்களுக்கான புதிய வகைப்பாடு வந்தபோது சரசீனியா வேறு வருணத்துக்குப் போய்விட்டது. நெப்பந்தஸும் துரோசெராவும் கரியோஃபில்லேல்ஸ் வருணத்தில் வந்து சேர்ந்தன. அந்த வருணத்தில் வேறு யார் என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும்: முளைக்கீரை, பொன்னாங்காணி, கள்ளி, டிராகன் புரூட். வெள்ளவத்தைச் சந்தைக் கூடையில் பாதி இதன் தூரத்து உறவு. நெருங்கிய உறவிலும் ஓர் ஆச்சரியம் உண்டு. இலங்கைக்கே உரிய அன்சிஸ்ட்ரோகிளாடஸ் ஹமாட்டஸ் என்ற காட்டுக்கொடி, கொக்கியால் பற்றி ஏறுவது, பூச்சி தின்னாதது, நெப்பந்தஸின் நெருங்கிய கிளையில்தான் இருக்கிறது.

சாதிக்குள்ளும் நமது செடி ஓர் ஓரத்தில் நிற்கிறது. இலங்கை, மடகஸ்கார், சீசெல்ஸ், காசி மலை ஆகிய மேற்கு ஓரத்து இனங்கள், தென்கிழக்காசியப் பெருங்கூட்டத்திலிருந்து முன்பே பிரிந்த கிளைகள் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. சீசெல்ஸ் இனத்தின் விதை மற்றவை போல வால் நீண்டதல்ல என்பதால் ஒரு காலத்தில் அதைத் தனிச் சாதியாகவே பிரித்தார்கள். இப்போது அதுவும் நெப்பந்தஸ்தான். 1753இல் ஒரே ஓர் இனம் இருந்த சாதியில் இன்று 160க்கும் மேற்பட்ட இனங்கள்.

இதே செடி இன்று புதிதாகக் கிடைத்தால்

ஒரு பயிற்சியாக இதை வகுப்பில் கொடுத்தேன். பாந்துரா யாருக்கும் தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். களுத்துறைப் பக்கச் சதுப்பொன்றில் நீங்கள் அதைக் காண்கிறீர்கள். அடுத்து என்ன?

பெரும்பாலான பிள்ளைகள் 'டீஎன்ஏ எடுப்போம்' என்று தொடங்கினார்கள். அது நாலாவதோ ஐந்தாவதோ. முதலில் அனுமதி. காடு யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ, வனத் திணைக்களமோ வனசீவராசிகள் திணைக்களமோ, அங்கிருந்து எழுத்தில் வாங்காமல் ஓர் இலைகூடப் பறிக்கக்கூடாது. அனுமதியில்லாமல் எடுத்த மாதிரியோடு நல்ல ஆய்விதழின் பக்கம் போகவும் முடியாது.

அடுத்தது மாதிரி. இந்தச் செடிக்கு ஒரு கொப்பு போதாது. அடிக்குடுவை, மேற்குடுவை, ஆண் பூங்கொத்து, பெண் பூங்கொத்து, முற்றிய காய், விதை. ஆண் பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் லின்னேயஸின் நிலைமைதான். தாளில் நசுங்கும் பூக்களில் சிலவற்றை மதுசாரத்தில் போடவேண்டும். நிறம் காய்ந்தால் போய்விடும், ஆகவே அதே இடத்தில் எழுதவேண்டும். பழைய வீரகேசரித் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தினால் போதும் என்பார்கள். உலர் வலயத்தில் போதும். கொழும்பின் ஈரக்காற்றில் நாளுக்கு நாள் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். குடுவை சதைப்பற்றானது, இன்னும் மோசம். ஓட்டுக் கூரைக்குக் கீழே மின்விளக்குப் பெட்டி ஒன்று வைத்து உலர்த்துவது நல்லது.

பிறகுதான் உண்மையான வேலை, ஒப்பிடுவது. காய்ந்த செடித் தாள்களைக் காக்கும், பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரகத்துக்குப் போகவேண்டும். கொழும்பில் கொம்பனித்தெருவில் 1810இல் பிரிட்டிஷார் ஒரு தாவரத் தோட்டம் தொடங்கினார்கள். கியூ வீதி என்ற பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. தோட்டம் களுத்துறைக்குப் போய், 1821இல் பேராதனையில் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அத்தோட்டத்தின் பொறுப்பாளர் துவெயிட்ஸ் எண்ணிட்டுச் சேர்த்த இலங்கைத் தாவரங்கள் அங்கேதான் இருக்கின்றன. இலங்கையில் 3,150ஐ ஒட்டிய உள்நாட்டுப் பூக்குந் தாவர இனங்கள், நாலில் ஒன்றுக்கு மேல் இங்கு மட்டுமே உள்ளவை. இவற்றில் எதுவும் உங்கள் செடி இல்லை, அயல்நாட்டுச் செடி தப்பி வந்ததும் இல்லை, ஏற்கெனவே பெயரிட்டு மறந்துபோனதும் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கவேண்டும். புதிய இனங்களில் பல காட்டில் அல்ல, இப்படி அலுமாரியில் தாள் புரட்டும்போதுதான் அகப்படுகின்றன. யாரோ எப்போதோ பிழையான பெயரெழுதி வைத்த தாளாக இருக்கும்.

புதிய பெயரை வெளியிடும் எழுத்து வேலைக்கு, சர்வதேசத் தாவரப் பெயரீட்டு விதிநூலின் விதிகள் தெளிவானவை. 1935 முதல் 2011 முடிய லத்தீனில் வருணனை கட்டாயம். 2012 ஜனவரி 1 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். தமிழிலோ சிங்களத்திலோ மட்டும் எழுதினால் பெயர் செல்லாது. கூடுதலாக எழுதத் தடை இல்லை. யாரும் எழுதுவதில்லை என்பது வேறு. வகைமாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு, அது எந்த உலர்தாவரகத்தில் இருக்கிறது என்று சொல்லவேண்டும். அச்சில் வரவேண்டும் என்ற கட்டாயம் 2012இல் தளர்ந்தது. பதிவெண் உள்ள இணைய இதழில் பிடிஎஃப் போதும். ஒன்று பலருக்கு அதிர்ச்சி தரும்: சக ஆய்வாளர் மதிப்பீடு விதிநூலில் நிபந்தனையே அல்ல. விதி கேட்பது பெயர் செல்லுபடியாவதற்கான ஒழுங்கு மட்டும். செடி உண்மையில் புதிதா என்பது விஞ்ஞானிகள் தமக்குள் தீர்க்கவேண்டிய விடயம். இதனால் தரமற்ற பெயர்களும் செல்லுபடியாகி, பின்னால் வருபவர் தலையில் விழுகின்றன. விதிநூலை மாற்றும் மாநாடு கடைசியாக 2024இல் மத்ரித்தில் கூடியது. இந்த நிலை மாறவில்லை.

மரபணு இதற்குப் பிறகு. சிறு துண்டு இலையைச் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தி வைத்திருந்தால், கரு மரபணுப் பகுதி ஒன்றும் பச்சையவுருமணிப் பகுதிகள் சிலவும் வாசித்து, செடி எந்தக் கிளையில் உட்காருகிறது என்று பார்க்கலாம். பாந்துராவின் விடயத்தில் பூவும் காயுமே 'புதியது' என்று சொல்லப் போதுமாக இருந்திருக்கும். 'எங்கே' என்று சொல்லத்தான் மரபணு தேவைப்பட்டிருக்கும்.

கடைசியாக இடம். பழைய தாள்களில் 'இலங்கை' என்று மட்டும் இருக்கும். இன்று ஜிபிஎஸ் புள்ளி கேட்கிறார்கள். ஆனால் குடுவைத் தாவரங்களுக்கு உலகளவில் சேகரிப்பாளர் சந்தை இருக்கிறது. நெப்பந்தஸ் சாதி முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருப்பது அதனால்தான். சரியான புள்ளியை அச்சில் போட்டால் அடுத்த மாதம் அந்த இடத்தில் செடி இருக்காது. வகைமாதிரிச் சீட்டில் முழு விபரம், வெளியீட்டில் மாவட்டம் மட்டும் என்று வைத்துக்கொள்வது என் பார்வையில் நியாயம். சரிபார்க்க விரும்புகிறவர் உலர்தாவரகத்துக்கு எழுதிக் கேட்கட்டும்.

பெயர் ஒரு மரத்தைக் கவனிக்கவைத்தது

இதெல்லாம் அறிஞர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்குக் கம்பஹா உதாரணம். அவரையினக் குடும்பத்து மரமான கிரூடியா செய்லானிக்கா 1911க்குப் பிறகு காணப்படவில்லை. 2012இல், அழியும் ஆபத்திலுள்ள இனங்களைப் பட்டியலிடும் தேசியச் செம்பட்டியல் அதை அற்றுப்போனதாக அறிவித்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்தில் ஒரு மரம் அடையாளம் காணப்பட்டது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலை வேலைக்காக அந்த மரம் வெட்டப்படும் நிலை வந்தபோது நாடே பேசியது. சாலையோரம் நின்ற பெயரற்ற ஒரு மரமாக அது இருந்திருந்தால் ஒரு வரிச் செய்திகூட வந்திராது. பழைய தாளும் பழைய வருணனையும் இருந்ததால்தான் 'இது அதுதான்' என்று ஒருவரால் சொல்ல முடிந்தது.

கொழும்பு வாசகருக்கு

தலவத்துகொட, பெத்தகான ஈரநிலப் பூங்காக்களில் நடக்கிறவர்கள் அடிக்கடி படம் அனுப்பி 'இது புதுச் செடியா' என்று கேட்கிறார்கள். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநிலப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட பிறகு இந்த ஆர்வம் கூடியிருக்கிறது, நல்லது. ஆனால் வருவது பெரும்பாலும் மேலிருந்து எடுத்த இலைப்படம். அதில் ஒன்றும் சொல்ல முடியாது. பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், ஒரு பூவை நீளவாக்கில் பிரித்தும், காம்பு தண்டோடு சேரும் இடத்தையும், இலையின் அடிப்பக்கத்தையும், காய் இருந்தால் காயையும், பக்கத்தில் ஓர் அளவுகோலோ ஐந்து ரூபாய்க் குற்றியோ வைத்து எடுங்கள். பக்கத்தில் அதே செடி வேறு இருந்தால் அதன் பூவும் அதே மாதிரியா, கேசரம் இருக்கிறதா, சூலகம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்துப் பார்க்கும் ஒரு பூ விழுந்து கிடந்த பூவாக இருக்கட்டும், செடியைப் பிடுங்காதீர்கள். நாளும் இடமும் எழுதிப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைக்கோ பேராதனைக்கோ அனுப்புங்கள். அனேகமாக ஹெர்மன் அதை ஏற்கெனவே ஒட்டியிருப்பார்.